ஒரே தெரு, இரண்டு வார்டு

துப்புரவுப் பணியாளர்கள் குடியிருக்கும் தெருவை இரண்டு வார்டுகளாகப் பிரிக்கச் சொன்னார் நகராட்சித் தலைவர். கோடு போட்டவர் அலுவலகத்தில் வரைபடம் வரையும் தணிகாசலம்.

ஆட்சேபணைக் கூட்டத்தில் அந்தத் தெருவின் பவுனம்மாள் எழுந்தாள். “நான் நின்னா எதிர்வீட்டுக்காரங்க எனக்கு ஓட்டுப் போட முடியாதா சார்?”

“மக்கள்தொகைக் கணக்கு அப்படித்தாம்மா வருது,” என்றார் தணிகாசலம்.

யாரோ சதி என்று கத்தினார்கள். பவுனம்மாள் திரும்பி அதட்டினாள். “சும்மா இருங்கடா. நம்ம புள்ளைங்களுக்கு சர்டிபிகேட் வாங்கிக் குடுத்த மனுசன். பொய் சொல்லமாட்டாரு.”

தேர்தலில் அவள் பதினோரு ஓட்டில் தோற்றாள். மறுநாள் அலுவலகத்துக்கு வந்தாள்.

“அடுத்த தடவயாவது கணக்கு சரியா வருமா சார்?”

தணிகாசலம் எழுந்து நின்றார். “கணக்கு சரியாத்தாம்மா இருந்துச்சு. நான்தான் கோட்ட மாத்திப் போட்டேன்.”

பவுனம்மாள் அவருக்கு எதிரே கிடந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே உட்கார்ந்ததே இல்லை.