ஒன்பதாம் நாள் மண்டகப்படி

இந்தக் காலத்தில் யாரும் ஆளைப் பார்த்துப் பேசுவதில்லை. வாய் "வாங்க" என்று சொல்கிறது. கண் வேறெங்கோ கிடக்கிறது.

"உக்காருங்கய்யா" என்றாள் அருள்செல்வி. கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

வந்த பெரியவர் உட்காரவில்லை.

மாரியம்மன் கோவில் பொங்கல் நோட்டீசு வருஷா வருஷம் இந்த அச்சகத்தில்தான். அடிப்பதற்கு முன்னால் அவர் வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவார். யாரும் அவரை வரச்சொல்வதில்லை.

அவள் மாதிரித்தாளை எடுத்து நீட்டினாள்.

அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மேலே அம்மன் படம். அதற்கடியில் கமிட்டித் தலைவர் பெயர், தடித்தடியாக. அதெல்லாம் அவருக்கு வேண்டாம். விரல் நேராகக் கீழே இறங்கியது.

முதல் நாள் மண்டகப்படி, மேலத்தெரு. இரண்டாம் நாள் மண்டகப்படி, வடக்குத்தெரு. விரல் ஊர்ந்து ஊர்ந்து எட்டாம் நாளுக்கு வந்தது. கடைவீதி வியாபாரிகள்.

அதற்குக் கீழே வெள்ளை.

விரல் அங்கேயே நின்றது. தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் வெள்ளைதான்.

"எங்க தெரு எங்க?"

இப்போதுதான் அவள் நிமிர்ந்து ஆளைப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள், கீழத்தெரு. ஆதியில் எட்டு நாள் திருவிழாதான், நாளுக்கொரு தரப்பாரின் செலவும் பூசையும். கீழத்தெரு பங்கு கேட்டபோது, தங்கள் நாளில் ஒரு பொழுதைக்கூட விட்டுத்தர முடியாது என்றார்கள் மற்றவர்கள். தாசில்தார் முன்னால் பேசிப் பேசி, கடைசியில் ஒரு நாளைக் கூட்டினார்கள். அன்றைக்கு மட்டும் அம்மன் சப்பரம் கீழத்தெருவுக்குள் வரும்.

நோட்டீசில் இருப்பதால் வருகிறது.

இந்த வருஷம் நோட்டீசில் இல்லையென்றால் அடுத்த வருஷம் ஊரில் இருக்காது. அவருக்குத் தெரியும்.

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள்.

"புதுக் கம்ப்யூட்டருங்கய்யா. உள்ள ஓடுற ஓ.எஸ்ஸும் புதுசு. நோட்டீசு டிசைன் பண்ற சாப்ட்வேர் மட்டும் பழசு. ரெண்டும் ஒத்துப்போக மாட்டேங்குது."

"அப்ப பழைய பெட்டியிலயே அடி."

"அது செத்துப்போச்சு."

மூலையில் கிடந்தது. மேலே யாரோ டீ கிளாசை வைத்திருந்தார்கள்.

"புது சாப்ட்வேர்ல தெறந்தா எழுத்து பூராம் புழுவா நெளியுதுங்கய்யா. அதான் பழசையே இதுல ஏத்தி மல்லுக்கட்டிட்டு இருக்கேன். நம்ம பழைய எழுத்த இது எடுத்துக்கல. தானா வேற எழுத்தப் போட்டுக்கிருச்சு. அது கொஞ்சம் தடிப்பு. இடம் பத்தாம தள்ளிருச்சு."

"எங்க தெருன்னு தெரிஞ்சு தள்ளுச்சா?"

"மெஷினுக்கு என்னங்கய்யா தெரியும்? கடைசியில இருக்கிறது கீழ இறங்கிரும். அம்புட்டுதான்."

"இடம் பத்தலைன்னா மொத வரி போகட்டுமே."

"அது எப்படிப் போகும்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். எழுத்துகள் இருந்த கட்டத்தின் அடியில் சின்னதாக ஒரு சிவப்புக் குறி. அதைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

கட்டம் நீண்டது. வரி இறங்கி வந்தது.

"பாருங்க. இங்கனதான் இருக்கு. உள்ள மறைஞ்சு கெடந்திருக்கு."

"யாரு மறைச்சா?"

அவள் பிரிண்ட் கொடுத்தாள். பிரிண்டர் இருமியது. புதுத்தாள் சூடாக வந்தது.

அவர் எழுத்துக்கூட்டினார். கீ. ழ. த். தெ. ரு.

இருந்தது.

அவர் போயிருக்கலாம். போகவில்லை.

"தலைவர் பாத்துட்டாரா?"

"காலையிலேயே வாட்ஸப்ல அனுப்பிட்டேங்கய்யா."

"எத? இதயா, மொதக் குடுத்ததயா?"

அவள் முதல் தாளை மேசை ஓரத்துக்குத் தள்ளினாள்.

"மொத உள்ளதத்தான்."

"பாத்துட்டு என்ன சொன்னாரு?"

அவள் போனை எடுத்துக் காட்டினாள். நோட்டீசுப் படம். அதன் கீழே மஞ்சளாக ஒரு கட்டைவிரல், மேலே தூக்கியபடி.

அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார்.

"கவனிச்சிருக்க மாட்டாருங்கய்யா. வேலை அவசரத்துல..."

"அவரு பேர்ல ஒரு புள்ளி விழுந்துபோயிருந்தா?"

அவள் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"நானே தலைவர்கிட்ட பேசிக்கிறேங்கய்யா. சேவ் பண்ணிட்டேன். இனிமே போகாது. ஒரு மெஷின் பண்ண கோளாறுக்கு ஊருக்குள்ள எதுக்குப் பேச்சு?"

அவர் கேட்ட மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. மேசையில் கிடந்த இரண்டு தாளையும் எடுத்தார். வரி விடுபட்ட தாளை மேலே வைத்து மடித்தார்.

"அது தப்பானதுங்கய்யா. கிழிச்சுப் போட்ருங்க."

"ஏன் கிழிக்கணும்? இதத்தான தலைவர் சரின்னு சொல்லியிருக்காரு."

சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். படியிறங்கினார்.

வெயில் இன்னும் தாழவில்லை. அவர் தெருவுக்குப் போகிற மினிபஸ் எதிரிலேயே நின்று ஹாரன் அடித்தது. கண்டக்டர் கையை ஆட்டிக் கூப்பிட்டான்.

அவர் ஏறவில்லை. தலைவர் வீடு இருக்கிற பக்கம் நடந்தார்.

அந்த வரி இனிமேல் போகாதாம்.