கப்பல் வந்திருந்தால்

“அன்னிக்கு ஒரு கப்பல் வந்திருந்தா போதும் லா!” என்று ஃபிரான்சிஸ் மேசையில் குத்தினான். முள்ளிவாய்க்கால் குலுங்கிப் பாதித் தேநீர் சிந்தியது.

மலேசியாவில் எங்கள் ஈஜோக் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் ஞாயிறுதோறும் எங்கள் போர் இப்படித்தான் நடக்கும். சாம்பார்க் கிண்ணம் ஆனையிறவு. சீனி டப்பா யாழ்ப்பாணம். ஃபிரான்சிஸின் கிளாஸ் முள்ளிவாய்க்கால்.

ஆனையிறவைப் பிடித்த சூட்டோடு யாழ்ப்பாணத்தில் இறங்கியிருந்தால் என்பான் அழகேசன். பேச்சுவார்த்தையில் பாதி விலைக்குப் படிந்திருந்தால் என்பேன் நான். தோட்டம் தோட்டமாகச் சேலை விற்கிறவனுக்குப் புத்தி வேறு எங்கே போகும்?

பதினைந்து வருஷமாக இந்த மேசையில் நாங்கள் தோற்றதே இல்லை.

மேசை துடைக்கிற குகன் அந்த முள்ளிவாய்க்கால் கடற்கரையில் கப்பலுக்காக நின்றவன். அவனிடம் மட்டும் ஒன்றும் கேட்க மாட்டோம். கேட்டால் ஆட்டம் கெட்டுவிடும்.

அன்று அவன் கைப்பேசி அடித்தது. முச்சந்தியில் அட்டைச் சோதனையாம், குடிநுழைவு அதிகாரிகள் கடை கடையாக வருகிறார்களாம்.

அவனுடைய அகதி அட்டை போன மாதமே காலாவதி. புதியது இன்னும் வரவில்லை.

வாசலைப் பார்த்தான். கடை நாய் அங்கே நின்ற லோரியின் நிழலில் தூங்கிக்கொண்டிருந்தது. துணியும் கையுமாக எங்களிடம் வந்தான்.

“அண்ணை, ஆராவது என்னை ராசா டவுன் வரைக்கும் கொண்டுபோய் விடுங்கோ. அங்க அக்கா வீடு இருக்கு.”

“பூசைக்கு நேரமாச்சுப்பா. வீட்டுல மேகி காத்துக்கிட்டு இருப்பா” என்றான் ஃபிரான்சிஸ். பூசை முடிந்துதான் கடைக்கே வந்திருந்தான்.

“முட்டி வலி தம்பி. கிளட்ச் மிதிக்க முடியல” என்றான் அழகேசன். அவன் காரில் கிளட்சே கிடையாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலி விழ எழுந்தேன்.

“வெக்கமா இல்ல ஒங்களுக்கு? கப்பல் வரல, கப்பல் வரலன்னு வாரா வாரம் ஊரையே ஏசுறீங்க. ஒரு மனுசன் வாய்விட்டுக் கேக்குறான்டா!”

கடையே திரும்பிப் பார்த்தது. இருவரும் தலையைத் தொங்கப் போட்டார்கள்.

குகன் என்னையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு துணியை நாலாக மடித்து மேசையில் வைத்துவிட்டு, பின்கதவு வழியாகச் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடினான்.

சற்று நேரத்தில் அங்கிருந்து விசில் சத்தம் கேட்டது. யாரோ ஓடினார்கள். அப்புறம் ஒன்றும் இல்லை.

“ஒரு வண்டி மட்டும் இருந்திருந்தா...” என்று ஆரம்பித்தான் ஃபிரான்சிஸ். அழகேசன் சீனி டப்பாவை நகர்த்தினான்.

வாசலில் நின்றது என் லோரி. சேலை மூட்டைகளுக்கு நடுவே ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம்.

முதல் தடவை கேட்டதும் ‘சரி’ என்று சொல்லக் கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்லித்தான் வளர்த்தார்கள். இரண்டாம் தடவை கேட்பான் என்று, சட்டைப் பைக்குள் சாவியைப் பிடித்தபடியே நின்றிருந்தேன்.