மூன்று விசில்

மூடுபனி வந்து மரங்களை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரே ஒரு மரம் மிஞ்சியது. அதன் அடியில் கண்டக்டர், மடியில் தண்ணீர் கேனோடு.

சூடேறி நின்றுபோன பஸ்ஸுக்குத் தண்ணீர் பிடிக்கக் காட்டுக்குள் இறங்கியவன். ஓடை உடனே கிடைத்துவிட்டது. திரும்பி வந்தபோது ரோட்டைத்தான் காணவில்லை.

அவன் பதறவில்லை. காட்டில் வழி தவறினால் என்ன செய்வது என்று வனத்துறை ஒட்டிய நோட்டீஸ் ஒன்று டிரைவர் சீட்டின் முதுகில் இருக்கிறது. அதில் சாய்ந்து நின்றே பாதி ஆயுளைக் கழித்தவன். எழுத்து சட்டையில் ஒட்டிக்கொள்ளாததுதான் பாக்கி.

அலையாதே, இருந்த இடத்திலேயே இரு என்றது நோட்டீஸ். இருந்தான்.

வெறுந்தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், காய்ந்த சருகைக் குவித்து உட்கார் என்றது. மரத்தடியில் காய்ந்தது கொஞ்சம்தான் இருந்தது. அளவாகக் குவித்து அளவாக உட்கார்ந்தான்.

மூன்று முறை விசில் ஊது என்றது. ஊதினான்.

விசில் பனிக்குள் போய், நன்றாக நனைந்து, பூனைக்குட்டி மாதிரி திரும்பி வந்து அவன் காலடியில் படுத்துக்கொண்டது.

மறுபடி ஊதினான். இந்தத் தடவை செருப்புச் சத்தம் கேட்டது. இடது செருப்பை மட்டும் தேய்த்துத் தேய்த்து வரும் சத்தம். அப்படி நடக்கிறவர் உலகத்தில் ஒருவர்தான். பஸ்ஸின் டிரைவர், இவனுடைய அக்கா புருஷன்.

வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. உற்சாகமாக இன்னும் மூன்று ஊதினான்.

செருப்பு நின்றது. பிறகு கிளம்பித் தூரமாகப் போக ஆரம்பித்தது.

முதல் விசிலுக்கு நின்றிருக்கிறார். அடுத்த இரண்டுக்குப் புறப்பட்டுவிட்டார். ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ என்று இந்த விசிலுக்கே பழகிய கால்கள் அவை. நோட்டீஸோ அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் அதைப் பார்த்ததே இல்லை.

அவசரமாக ஒரே ஒரு விசில் கொடுத்தான். நின்றார். நின்றவர் நின்றவர்தான்.

வாயைத் திறந்து ‘மச்சான்’ என்று ஒரு குரல் கொடுத்தால் வேலை முடிந்தது. அதுதான் முடியாது. அக்கா வீடு கட்டியபோது மாடிப்படியை எந்தப் பக்கம் வைப்பது என்று இருவருக்கும் வாய்ச்சண்டை. வீடு எழும்பி, வெள்ளையடித்து, வெள்ளையும் பழுப்பேறிவிட்டது. சண்டை மட்டும் புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது. படி கடைசிவரை கட்டப்படவில்லை. துணி காயப்போட அக்கா ஏணியில்தான் ஏறுகிறாள்.

“ரெண்டும் ஊமையா பொறந்திருந்தாக்கூட மனச தேத்திக்குவேன்” என்பாள், ஏணி உச்சியிலிருந்து.

அன்றிலிருந்து விசில்தான் பேச்சு. முதலில் வாய் திறப்பவன் தோற்றவன்.

வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. குளிர் உரிமையோடு சட்டைக்குள் கையை விட்டுத் துழாவியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்த மரமும் இறங்கிப் போய்விடும். அதற்குள் அவர் வந்து சேராவிட்டால் காலையில் விறைத்த கட்டையாகத்தான் கிடப்பான். தோற்பதா, விறைப்பதா என்று யோசித்துப் பார்த்தான். இரண்டும் ஒன்றுபோலத்தான் பட்டது.

பிறகு கேனைத் தட்டினான். டப் டப். டப் டப். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது தகரத்தில் தட்டுவானே, அதே தட்டு.

பனிக்குள்ளிருந்து டிரைவரின் முதுகு வந்தது.

தோளுக்கு மேலாக ஒரு பார்வை, இல்லாத ஸ்டியரிங்கில் இரண்டு கைகள். வேரைக் கண்டு ஒடித்தார், பள்ளத்தைக் கண்டு நிதானித்தார். தேய்கிற செருப்பு இப்போது பின்பக்கமாகத் தேய்ந்தது. கண்ணாடியில் பார்த்து வருகிறவர்போல, துளியும் பிசகாமல் வந்தார்.

கண்டக்டர் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். அவன் மூக்குக்குக் கையகலத்தில் நின்றார்.

இலையிலிருந்து ஒரு சொட்டு விழலாமா என்று யோசித்து, விழாமல் இருந்தது.

“பஸ் எங்க மாப்ள?” என்றார் டிரைவர், திரும்பாமலேயே.

போனவனைக் காணோமே என்று தேடி இறங்கியவரை ரோடு எப்போதோ கைவிட்டிருக்கிறது. விசில் கேட்டதும், பஸ் பக்கத்தில் நின்றுகொண்டு மைத்துனன்தான் தன்னைக் கூப்பிடுகிறான் என்று நம்பி வந்திருக்கிறார்.

முதலில் பேசியவர் அவர்தான். கண்டக்டர் ஜெயித்துவிட்டான். ஜெயித்தது காலில் குத்திய முள் மாதிரி எங்கேயோ நெருடியது.

“நான் உங்கள கேக்கலாம்னு இருந்தேன் மச்சான்.”

சொல்லிவிட்டுச் சருகில் நகர்ந்து இடம் விட்டான். துணைக்கு ஆள் இருந்தால் முதுகோடு முதுகு ஒட்டி உட்காருங்கள், சூடு தங்கும் என்பது நோட்டீஸின் கடைசி வரி. முகம் பார்க்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு வசதியான ஏற்பாடு.

உட்கார்ந்தார்கள். மெதுவாக முதுகு சுட்டது. யாருடைய சூடு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“நடுவுல வெச்சிருக்கலாம் மாப்ள, அந்தப் படிய.”

அப்போதுதான் ஹாரன் கேட்டது. பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்த பயணி எவரோ எழுந்து, ஆளைக் காணோமே என்று ஆத்திரத்தில் அமுக்குகிறார். சத்தம் மரத்துக்குப் பின்னால்தான். எட்டிப் பார்த்தால் பஸ்ஸின் மூக்கே தெரிந்துவிடும்போல அத்தனை பக்கம்.

கண்டக்டரின் கை தானாக விசிலை வாய்க்குக் கொண்டுபோனது.

இரண்டு ஊதினால் இவர் எழுந்துவிடுவார்.

விசிலைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினான்.