காணாமல் போன ஒரு டன்

"மாப்ளே, அந்த ஒரு டன் எங்கே?"

லாரி எடைமேடைக்காரர் போட்ட சத்தத்தில் நூலக மாடி அறையே திரும்பிப் பார்த்தது.

ஞாயிறு மதியம்தோறும் அங்கே விளையாட்டுச் சங்கத்தின் ராட்சத ரோபோக்கள் மோதிக்கொள்ளும். எல்லாம் காகிதத்தில்தான். ஒரு ரோபோவுக்கு மொத்த எடை ஐம்பது டன். இன்ஜின், கால், பீரங்கி எல்லாம் போக மிஞ்சும் எடைதான் கவசத்துக்கு. ஒரு டன் கவசத்துக்குப் பதினாறு புள்ளி. அடி விழ விழப் புள்ளியை அடித்துக்கொண்டே வரவேண்டும். புள்ளி தீர்ந்தால் ரோபோ காலி.

இன்றைக்கு இறுதி ஆட்டம். எடைமேடைக்காரருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் அவருடைய தங்கையின் கணவர். இந்த வருடம் மட்டும் ஆறு தடவை மச்சானை மண்ணைக் கவ்வ வைத்தவர். அந்த எரிச்சலில் மாப்பிள்ளை மரியாதையெல்லாம் காற்றில் பறந்துவிட்டது.

"போன வாரம் தபால்காரரோட ஆடினப்ப இதே ரோபோவுக்கு நூத்து நாப்பத்துநாலு புள்ளி. அதாவது ஒம்பது டன் கவசம். என்கூட ஆடறப்ப மட்டும் நூத்து இருபத்தெட்டு. எட்டே டன்! மிச்சத்தைப் பீரங்கியில ஒளிச்சு வெச்சிருக்கார். நான் எடைமேடையில வேலை பார்க்கறவன். லாரியில ஒரு மூட்டை கூட இருந்தாலே கண்டுபிடிச்சிடுவேன். என் கண்ணுலயே மண்ணைத் தூவறதா?"

மாப்பிள்ளைக்குக் காதுமடல் சிவந்தது.

"மச்சான், வீட்ல போய்ப் பேசிக்கலாமே."

"வீட்ல என்ன பேச்சு? திருட்டு ஆட்டம் ஆடினா சங்கத்துல பேரை அடிச்சிடுவாங்க. இங்கேயே தெரிஞ்சுடட்டும்!"

நூலகர்தான் நடுவர். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மாப்பிள்ளையின் தாளை வரி வரியாகக் கூட்டினார்.

"நாப்பத்தொம்பது," என்றார். "பீரங்கி எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒரு டன்னை எதுலயும் போடாம சும்மா விட்டிருக்கார். நஷ்டம் அவருக்குத்தான்."

பழைய தாள்களையும் புரட்டினார். "மத்தவங்களோட ஆடறப்ப அம்பது. உங்களோட ஆடின ஆறு ஆட்டத்திலயும் நாப்பத்தொம்பது. வேடிக்கையா இருக்கே!"

எல்லோரும் சிரித்தார்கள். எடைமேடைக்காரர் முகத்தில் அசடு வழிந்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை.

"என்னைப் பார்த்தா அவருக்குக் கூட்டலே மறந்துடுது போல. பக்கத்துல வாங்க மாப்ளே, கணக்குன்னா எப்படிப் போடறதுன்னு காட்டறேன்."

தன் தாளை விரித்து, விரல் வைத்து முணுமுணுவென்று கூட்டினார். "இன்ஜின் பதினெட்டு... கால் பத்து... பீரங்கி பன்னண்டு... ஓட்டறவன் அறை, ஆளோட சேர்த்து ஒண்ணு... கவசம் எட்டு..."

விரல் அப்படியே நின்றது. நாற்பத்தொன்பது.

அடியில் அவருடைய கையெழுத்திலேயே இருந்தது: 'ஆள், அறை கழிவு ஒரு டன்.' ஓட்டுநர் இறங்காமல் வண்டியை மேடையில் ஏற்றினால், கடைசியில் ஆள் எடையைக் கழிப்பது அவருடைய பதினைந்து வருடப் பழக்கம். மேலே ஏற்கெனவே கணக்கில் சேர்த்த அதே ஒரு டன்னை இங்கேயும் கை தானாக இன்னொரு தடவை கழித்திருக்கிறது; கவசத்தில் ஒரு டன் குறைந்துவிட்டது. இந்தத் தாளில் மட்டுமா? வருடம் முழுக்க இப்படித்தான் போட்டிருக்கிறார்.

"உங்களுது எவ்வளவு வருது?" என்றார் நூலகர்.



"அம்பது சார்," என்று மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "நான்தான் கணக்குல கோட்டை விட்டுட்டேன். ஆட்டத்தை ஆரம்பிக்கலாமா?"

சொல்லிக்கொண்டே மச்சானின் தாளை மெல்ல மடித்து அவர் பக்கமே தள்ளினார்.

நூலகர் தாயக்கட்டையை எடுக்கப் போனார். எடைமேடைக்காரரால் தலை நிமிர முடியவில்லை. தங்கை புருஷனைப் பத்துப் பேர் முன்னால் திருடன் என்று கத்தியாயிற்று.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றார், யார் காதிலும் விழாமல்.

"முதல் ஆட்டத்திலேர்ந்தே, மச்சான். எடையில உங்களுக்குத் தப்பே வராதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தீங்க. இங்க சொன்னா சிரிப்பாங்க. வீட்ல சொன்னா உங்க தங்கச்சியே கிண்டல் பண்ணுவா." மாப்பிள்ளை தன் பென்சிலைச் சீவிக்கொண்டே தயங்கினார். "அதுக்காக, உங்களுக்கு ஒரு டன் குறையறப்ப நான் முழுசாப் போட்டு ஆடினா, அது ஆட்டமா சொல்லுங்க?"