விளக்குக் கம்பத்து மீன்கள்

"வரேக்கை இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று வாசலில் நின்று சொன்னாள் குமுதா. புவனேசன் தலையாட்டிவிட்டு மோர்டன் ஸ்டேஷனுக்கு நடந்தார். அன்றுதான் லண்டன் ரயில்களில் குண்டு வெடித்தது.

அடுத்த வியாழன், துக்கம் விசாரிக்க வந்தவர்களை வீட்டில் விட்டுவிட்டு, தங்கை வாணியோடு அவர் வேலை செய்த தெருவிலிருந்து ஆற்றுப் பக்கமாக நடந்துகொண்டிருந்தாள் குமுதா.

"செத்தவீட்டுக்காரி ஊர் சுத்துறாள் எண்டு சனம் கதைக்கப்போகுது, அக்கா."

"கதைக்கட்டும். எனக்கு ஒரு சாமான் பாக்கோணும். பேசாமல் வா."

நண்பகலில் பஸ்கள் நின்றன. குண்டுவெடிப்பில் இறந்தவர்களுக்காக நகரமே மௌனமாக நின்றது. குமுதாவுக்கு அழுகை வெடித்தது. மௌனம் முடிந்ததும், பூங்கொத்தோடு நின்ற வெள்ளைக்காரி ஒருத்தி அவள் கையைப் பற்றினாள்.

"கணவரா? எந்த ரயிலில்?"

"ரயிலில் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள் குமுதா. "அன்றைக்கு ரயில் ஓடாததால் வீடுவரை நடந்தே வந்தார். பாணும் வாங்கி வந்தார். மூன்றாம் நாள் நித்திரையிலேயே போய்விட்டார்."

வெள்ளைக்காரி கையை விடவில்லை.

நடந்து வந்த அன்றிரவு சுடுதண்ணீரில் கால்களை வைத்துக்கொண்டு, சின்னப்பிள்ளை போலக் கதை சொல்லியிருந்தார் புவனேசன். "இருவது வருசமா நிலத்துக்குக் கீழாலயே போய்வந்திட்டன், குமுதா. மேல எவ்வளவு வடிவான ஊர்! ஆத்தங்கரையில, விளக்குக் கம்பத்தைச் சுத்தி ரெண்டு மீன் பின்னிக் கிடக்கு."

"களைப்பில என்னத்தையோ கண்டிருக்கிறியள்" என்று அவள் சிரித்தாள்.

ஆற்றங்கரைக்கு வந்ததும் வாணிதான் முதலில் கண்டாள்.

"அக்கா, இஞ்ச பாருங்கோ!"

வாயைப் பிளந்தபடி, இரண்டு கறுப்பு இரும்பு மீன்கள் கம்பத்தைச் சுற்றிப் பின்னித்தான் கிடந்தன.