ஜன்னலைத் திறந்து வை

"குழந்தையை நீ வளர்க்கறியா, இல்ல அதுவா வளருதா?"

டாக்டரம்மா போட்ட சத்தத்தில், வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். மடியில் ஐந்து வயது மகள். முகத்தில் நெபுலைசர் மாஸ்க். ஒவ்வொரு மூச்சுக்கும் சின்ன விலா உள்ளே போய்ப் போய் வந்தது.

"போன வாரம்தான் மருந்து கொடுத்து அனுப்பினேன். மறுபடியும் வந்து நிக்கறே!"

பக்கத்தில் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

"நீங்க யாரு? குழந்தையோட தாத்தாவா?"

தலைக்கு டை அடித்திருந்தவருக்கு அது கொஞ்சம் சுட்டது. "ஐயையோ, இல்ல டாக்டர். இவங்க குடியிருக்கற வீட்டோட ஓனர். இவ புருஷன் லாரியில வெளியூர் போயிருக்கான். குழந்தைக்கு மூச்சு முட்டுதுன்னதும் பாதிச் சவரத்தோட காரை எடுத்துட்டேன்."

உண்மைதான். ஒரு கன்னம் வழவழவென்றும் மறு கன்னம் சொரசொரவென்றும் இருந்தது.

டாக்டரம்மாவின் முகம் இளகியது. "வாடகையை வாங்கினோமா, கதவைச் சாத்தினோமான்னு இருக்கற காலம் சார் இது. உங்களை மாதிரி ஓனர் கிடைக்கறது அபூர்வம்."

"மனுஷனுக்கு மனுஷன் இதுகூடச் செய்யலேன்னா எப்படி?" ஓனருக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது. "நானும் சொல்லிட்டுத்தான் இருக்கேன் டாக்டர், வீட்டைச் சுத்தமா வெச்சுக்கம்மான்னு. கேட்டாத்தானே!"

டாக்டரம்மா மறுபடி தாயின் பக்கம் திரும்பினார்.

"சுவத்துல ஈரம் இருக்கா? கறுப்புக் கறுப்பா பூஞ்சை?"

"இருக்குங்க. துணியால துடைச்சிடறேன். ரெண்டே நாள்ல திரும்ப வந்துடுது."

"வராம என்ன செய்யும்? சமையலும் அந்த ஒரே ரூம்லதான், துணி காயப்போடறதும் அங்கதான், தூக்கமும் அங்கதான். அப்படித்தானே?"

"ஆமாங்க."

"ஜன்னல் இருக்கா?"

ஓனர் சட்டென்று திரும்பி, சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி விளம்பரத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

கட்டும்போது அந்த அறைக்கு ஜன்னல் இருக்கத்தான் செய்தது. பக்கத்தில் சும்மா கிடந்த சந்து ஓனரின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்ததால், போன வருஷம் அதற்குக் கூரை போட்டு இன்னொரு அறையாக்கி, இரண்டு பையன்களுக்கு வாடகைக்கு விட்டார். பையன்களின் அறையிலிருந்து ஒரு குடும்பப் பெண்ணின் அறை தெரியலாமா? கண்ணியமான மனிதர். ஜன்னலைப் பெயர்த்தெடுத்து, செங்கல் வைத்துப் பூசி, மேலே வெள்ளையும் அடித்துவிட்டார். தையல்காரி தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "காத்துக்கு என்னம்மா, ஃபேன்தான் இருக்கே!" என்றார்.

"உன்னைத்தாம்மா கேக்கறேன். ஜன்னல் இருக்கா, இல்லையா?"

அவள் ஓனரின் முதுகை ஒரு தரம் பார்த்தாள்.

"இருக்குங்க."

ஓனரின் படிப்பு நின்றுபோயிற்று.

"திறந்து வைக்கறியா?"

"இல்லீங்க டாக்டர். கொசு வருமேன்னு... நான்தான் சாத்தியே வெச்சுடறேன்."

அவ்வளவுதான். டாக்டரம்மா பேனாவை மேஜையில் போட்டுவிட்டார்.

"கொசுவுக்கு வலை அடிச்சுக்கலாம். பிள்ளையோட நெஞ்சுக்கு என்ன பண்ணுவே? மருந்தை நான் எழுதித் தரலாம்மா, காத்தை எழுதித் தர முடியுமா? இப்படியே போச்சுன்னா ஒரு நாள் நீ இங்க வந்து சேர்றதுக்குள்ளே..."

சிறுமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா மீதியை விழுங்கினார்.

"சார், நீங்களாவது இவளைக் கண்டிச்சு வையுங்க. வீட்டுக்குப் போனதும் உங்க கண்ணெதிர்லயே அந்த ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்க."

"சரிங்க டாக்டர்."

அந்தக் குரல் ஓனருக்கே சரியாகக் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது பெஞ்சில் இருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "கொசுவுக்குப் பயந்துக்கிட்டுப் பெத்த பிள்ளையை இந்தப் பாடு படுத்தறாளே, இவல்லாம் ஒரு தாயா?" தையல்காரியின் காதில் அது விழாமல் இருந்திருக்காது. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள்.

காரை ஓட்டிக்கொண்டிருந்த ஓனருக்கு உடம்பெல்லாம் கூசியது. 'அடைச்சது நான்தான் டாக்டர்.' ஒரே ஒரு வரி. அதைச் சொல்ல நாக்கு எழவில்லையே! ஊரார் முன்னால் ஒரு பெண்ணைத் திட்டு வாங்க விட்டுவிட்டு மரம் மாதிரி நின்றோமே!

சிக்னலில் கார் நின்றபோது, அவளைத் திரும்பிப் பார்க்கத் தெம்பில்லாமல் கண்ணாடியைப் பார்த்துப் பேசினார்.

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

அவள் குழந்தையின் தலையைத் தன் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டாள்.

"அத்தனை பேர் எதிர்ல என் மானம் போயிடக் கூடாதுன்னு, பழியைத் தூக்கி உன் தலையில போட்டுக்கிட்டே. ரொம்பப் பெரிய மனசும்மா உனக்கு."

அப்படிச் சொன்ன பிறகு அவருக்குக் கொஞ்சம் பாரம் குறைந்த மாதிரி இருந்தது.

தையல்காரி, தூங்கிவிட்ட மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை.

"உங்க மானத்துக்காக இல்லண்ணா. உண்மையைச் சொன்னா நீங்க கோவிச்சுக்குவீங்க. அடுத்த தடவை இவளுக்கு மூச்சு முட்டும்போது, நான் உங்க கதவைத்தானே வந்து தட்டணும்?"