கழற்றிய கார்டு

"நான் இங்கேயே உக்காந்திருப்பேன். என் பெட்டியில இருந்து எதையாவது உருவிடாதீங்க, சொல்லிட்டேன்!"

மாரிவிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மெக்கானிக் டெல்ஃபின் அவள் கொண்டுவந்த கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைத் திறந்தார்.

மதியம் மகள் ரோவெனாவுக்குக் கால் சென்டர் இன்டர்வியூ. ஆன்லைனில். டைப்பிங் தேர்வும் உண்டு, போனில் முடியாது. காலையில் பார்த்தால் வைஃபை செத்துக் கிடக்கிறது.

"வைஃபை கார்டு போயிடுச்சுக்கா. புதுசு கைவசம் இல்ல. புயல்னு சரக்குப் படகே தீவுக்கு வரலையே."

"ஐயோ மாதாவே! வேற வழியே இல்லையா?"

"லேப்டாப் கார்டு இருந்தா போடலாம். சின்னது, இதுல நேரா உக்காராது. அதுக்கு அடாப்டர் வெச்சிருக்கேன். ஆனா கார்டு..." தாடையைச் சொறிந்தார்.

மாரிவிக்கின் போன் அடித்தது. "அம்மா, ஆச்சா? நேரமாகுது!" என்றாள் மகள்.

டெல்ஃபின் எழுந்தார். ரிப்பேருக்கு வந்த லேப்டாப்கள் கிடந்த மேஜைக்குப் போய், ஒன்றைக் கவிழ்த்துத் திருகுகளைக் கழற்றினார். உள்ளே இருந்து தபால்தலை அளவில் ஒரு கார்டை எடுத்தார்.

அடப்பாவி! யாரோ நம்பிக் கொடுத்த பொருளாச்சே!

கேட்க வாயெடுத்தாள். சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

கார்டு அடாப்டரில் உட்கார்ந்தது. அடாப்டர் பெட்டிக்குள் போனது. பின்பக்கம் இரண்டு ஆன்டெனாக்கள் முளைத்தன. வைஃபை வந்துவிட்டது! பெட்டியை மடியில் கட்டிப்பிடித்தபடி வாடகை மோட்டார் டிரைசிக்கிளில் ஏறிப் பறந்தாள்.

ரோவெனாவுக்கு வேலை கிடைத்தது.

மறுநாள் பிபிங்கா என்னும் அரிசிக் கேக் வாங்கப் பேக்கரிக்குப் போனாள். கடைக்கார லூர்தெஸ் கட்டிக்கொடுத்தபடியே விசாரித்தாள். "உன் கம்ப்யூட்டரை டெல்ஃபின்தான் சரி பண்ணிக் கொடுத்தாராமே?"

மாரிவிக் குரலைத் தாழ்த்தினாள். "அந்தாளை மட்டும் நம்பிடாத. ஒருத்தர் லேப்டாப்ல இருந்து உருவி இன்னொருத்தருக்கு மாட்டுற ஆளு. என் கண்ணால பார்த்தேன்!"

லூர்தெஸின் கை அப்படியே நின்றது.

"அந்தக் கார்டு உனக்குத்தானா? நேத்து டெல்ஃபினோட மக ஆன்லைன்ல காலேஜ் பரீட்சை எழுத மழையில நனைஞ்சுக்கிட்டு என் கடைக் கம்ப்யூட்டரைத் தேடி வந்தா. 'உன் லேப்டாப் எங்கடி?'ன்னேன். 'யாரோ ஒரு அம்மா பதறிக்கிட்டு வந்தாங்களாம் அத்தை, அப்பா அதுல இருந்த கார்டைக் கழற்றிக் கொடுத்துட்டாரு'ன்னா."